எலுமிச்சை அளவு வயிறு

மூன்று கவளத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். கிறேஸுக்கு அது தெரியும். தெரிந்துதான் நான்காவதை வாயில் போட்டாள்.

போடாமல் என்ன செய்வது? கொழுந்தன் பிள்ளைக்குப் புது நன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கின நாள். லயத்து வரிசை வீடுகளின் வாசலில் தறப்பாள் கட்டி, சோறும் பன்றி இறைச்சிக் கறியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். குவைத்திலிருந்து வந்தவள் என்று தனியாக மரியாதை. எலும்பில்லாத கொழுப்புத் துண்டாகப் பார்த்துப் பொறுக்கி, கரண்டியை அவள் தட்டில் கவிழ்த்துவிட்டு, இடுப்பில் கைவைத்து எதிரிலேயே நின்றுவிட்டாள் பிள்ளையின் தாய். பக்கத்தில் மாமியார் லூர்தம்மாள். சுற்றிலும் கித்துல்கலை ஊருக்கு மேலே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தின் அத்தனை கண்களும்.

கொழுப்புத் துண்டு தொண்டையைத் தாண்டியது. நெஞ்சுக்குழிக்குக் கீழே போய் நின்றது. அதற்கு மேல் நகரவில்லை.

வாயில் நுரை ஊறத் தொடங்கியது. விழுங்கினாள். அதுவும் கீழே போகவில்லை. விழுங்கின எச்சில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு வந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு லயத்துச் சாக்கடைக் கானுக்கு ஓடினாள். போனவுடன் வந்துவிட்டது. சோறு சோறாகவே வந்தது. துண்டு துண்டாகவே வந்தது. எச்சில் நூல் பிடித்து, மூக்கு வழியாகவும் கொஞ்சம். நாய் ஒன்று ஓடிவந்து அவள் காலடியிலேயே அதை நக்கத் தொடங்கியது. நாய் நக்குவதைப் பார்த்து இன்னொரு தடவை குமட்டியது.

அத்தோடு விட்டார்களா? யாரோ ஒருத்தி இரக்கப்பட்டு, நெஞ்சைக் கழுவட்டும் என்று சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டாள். கால் மணி நேரம் போகவில்லை. நெஞ்சு தடதடவென்று அடித்தது. தலைமயிருக்குள்ளிருந்து வியர்வை கொட்டியது. வயிறு பிசைந்தது. பொதுக் கக்கூசுக்கு ஓடி, தாழ்ப்பாள் இல்லாத தகரக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். வெளியே வரும்போது பெண்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லூர்தம்மாள் மட்டும் பார்க்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒன்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

நடந்தது என்னவென்றால், கிறேஸின் வயிறு அவளிடம் இல்லை.

குவைத்தில் பெரிய குடும்பம் ஒன்றின் சமையல்காரியாக அவள் ஒன்பது வருடம் இருந்தாள். சட்டி சட்டியாகச் சமைத்தாள். மிஞ்சினதைக் குப்பையில் கொட்டச் சொன்னார்கள். தோட்டத்தில் பிறந்தவளுக்குச் சோற்றைக் குப்பையில் கொட்டக் கை வரவில்லை. அடுப்படியில் நின்றபடியே கொட்டவேண்டியதை எல்லாம் தன் வாய்க்குள் கொட்டிக்கொண்டாள். வேறொருவர் கடித்துவிட்டு வைத்த இறைச்சி, நெய் உறைந்த சோறு, குழந்தைகள் விரலால் நோண்டிய இனிப்பு. உடம்பு ஊதி, முழங்கால் விட்டுப்போய், மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறும் நிலைமை வந்தது. வீட்டுக்கார மேடத்துக்கும் அதே உடம்புதான். மேடத்தின் அண்ணன் ஒரு டாக்டர். அவர் தங்கைக்கு ஆப்பரேஷன் செய்து இளைக்க வைத்தார். மேடம் தனக்குப் பத்தாத உடுப்பைக் கிறேஸுக்குக் கொடுப்பதைப் போலவே அந்த ஆப்பரேஷனையும் கொடுத்தாள்.

எலுமிச்சம்பழம் அளவுக்கு மேல்வயிற்றை விட்டுவிட்டு, மீதியை ஒதுக்கி, குடலைத் தூக்கி அதில் நேராகத் தைத்துவிட்டார்கள். ஒரு மலையாள நர்ஸ்தான் எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொடுத்தாள். கொஞ்சமாகச் சாப்பிடணும். கூழாகிற வரைக்கும் மெல்லணும். சோற்றோடு தண்ணீர் கூடாது. சீனி கூடவே கூடாது. அடிக்கடி வாந்தி எடுக்கவிடாதே, தையலுக்கு ஆகாது. கடைசியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். ஊரில் பார்க்க டாக்டர் இருக்கிறாரா? இருக்கிறார் என்று கிறேஸ் தலையாட்டினாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் கொடுக்கிறவரை மனதில் வைத்துக்கொண்டு.

காயம் ஆறினதும் ஒப்பந்தம் முடிந்ததென்று பிளேன் ஏற்றிவிட்டார்கள்.

உடம்பு இளைத்தது. தோல் இளைக்கவில்லை. நனைந்த சாக்குபோல வயிறும் கையும் தொங்கின. மழைக்காலத்துப் புழுக்கத்தில் அந்த மடிப்புகளுக்குள் வெந்து புண்ணாகி, புளித்த ரப்பர் பாலின் வாடை வந்தது. இரவில் பவுடர் போட மடிப்பைத் தூக்கும்போது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அவள் புருஷன் டெனிஸ்டன் ஒரே ஒரு தடவை தொட்டான். தொட்ட கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். அதற்குப் பிறகு அந்தச் சுவரைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

உண்மை அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அல்சர் என்று சொல்லியிருந்தார்கள். லயத்தில் பாதிப் பேர் அதை நம்பாமல், கிட்னியை விற்றுவிட்டு வந்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். கிறேஸுக்கு அந்தப் பேச்சே பரவாயில்லை என்றிருந்தது.

லூர்தம்மாளின் கணக்கு வேறு. மருமகள் இளைக்கிறாள். சோறு இறங்கவில்லை. தின்றது தின்றபடியே வெளியே வருகிறது. இனிப்புப் பட்டால் வியர்க்கிறது. அதோடு இப்போது தலைமயிர் வேறு கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. ஆப்பரேஷனுக்குப் பிறகு சில மாதம் மயிர் கொட்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதை லூர்தம்மாளிடம் யார் சொல்வது? அவள் சீப்பிலிருந்து மயிரை எடுத்து ஒரு காலி மோல்ட் மா டின்னில் போட்டு வைத்தாள். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இத்தனை அடையாளத்துக்கும் ஒரே பேர்தான் சொல்வார்கள். இடுமருந்து. சாப்பாட்டில் யாரோ வைத்திருக்கிறார்கள். அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளைத் தின்கிறது.

வைத்தது யார் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. லயத்தில் அடுத்த அறையில், அடுத்த காம்பராவில் இருக்கும் மருதாயி. தேயிலைக் கொழுந்து மலையில் புருஷனைப் பாம்பு கடித்துப் பறிகொடுத்துவிட்டு, இங்கே ரப்பர் வெட்ட வந்தவள். கிறேஸ் வெளிநாட்டில் இருந்தபோது டெனிஸ்டனுக்குச் சோறு குழம்பு கொடுத்தவள். இப்போது கிறேஸுக்கு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்த்து, பாசிப்பயறைக் குழைய வேகவைத்து, உப்பு மட்டும் போட்டு, கேட்காமலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவள். கிறேஸின் வயிறு சண்டை போடாமல் வாங்கிக்கொண்டது அதை ஒன்றைத்தான்.

"அவ குடுக்கிறது மட்டும் இறங்குதாம், வேற எதுவும் இறங்காதாம். மருந்து வச்சவ கையிலதான் மருந்து சமாதானமா இருக்கும்," என்றாள் லூர்தம்மாள்.

எட்டியாந்தோட்டைக்கு அந்தப் பக்கம் காத்தமுத்து என்று ஒருவர் மருந்து எடுக்கிறாராம். பச்சிலை கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்து, வைத்ததை வெளியே எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாராம். லூர்தம்மாள் ஞாயிறு பூசையில் நன்மை வாங்கிக்கொண்டு வந்த கையோடு அந்த முடிவைச் சொன்னாள். வராவிட்டால் மருதாயியைத் தலைமயிரைப் பிடித்து வாசல் இஸ்தோப்புக்கு இழுத்து, லயத்துக்கு முன்னால் கேட்பேன் என்றாள்.

அன்று பின்னேரம் டெனிஸ்டன் ரப்பர் பால் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். கிறேஸ் தண்ணீர்ப் பீலியடிக்குப் போய் நின்றாள்.

"வாந்தி எடுக்க வச்சா தையல் விட்டுரும்னு சொல்றேன். உள்ளுக்குள்ளயே கசிஞ்சு செத்துப்போவேன். உங்க அம்மாகிட்ட உள்ளதச் சொல்லிருங்க."

அவன் வாளியின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த ரப்பர்த் தோலை நகத்தால் உரித்துக்கொண்டே பேசினான். "என்னான்னு சொல்ல? மா வெல ஏறி, லயத்துல பாதிப் பேரு ராவைக்கு ரொட்டி சுடாம படுக்கிறான். எம் பொண்டாட்டி தின்னுதின்னு யானையாட்டம் ஆயி, இனிமே திங்காம இருக்கிறதுக்கு வயித்த அறுத்துக்கிட்டு வந்துருக்கான்னு சொல்லவா? காறித் துப்புவாங்க."

"துப்பட்டும்."

"உனக்குத் துப்ப மாட்டாங்க. எனக்குத்தான் துப்புவாங்க." கழுவின வாளியைக் கவிழ்த்து வைத்தான். "வந்துட்டுப் போ. குடிக்கிற நேரம் நான் சொல்லி நிப்பாட்டுறேன். பக்கத்துலதானே இருக்கேன்."

அதை நம்பித்தான் அவள் பஸ் ஏறினாள்.

காத்தமுத்துவின் வீடு ஒரு சின்ன ரப்பர் தோட்டத்தில், ரப்பர் சீட்டுக்குப் புகை போடும் புகைக்கூட்டுக்குப் பின்னால் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. ரப்பர் ஒட்டுப்பால் நிரப்பிய பீப்பாய்கள் கூரை ஒழுக்கின் கீழ் நனைந்துகொண்டிருந்தன. அழுகின இறைச்சி வாடை. அதற்கு மேல் அசிட் வாடை. அதற்கும் மேல், அவளுக்கு முன்னால் வந்துபோன யாரோ ஒருவனின் வாந்தி வாடை. கொட்டகையின் நடுவே சாம்பல் பரப்பிய சுளகு ஒன்று இருந்தது. அந்தச் சாம்பல் இன்னும் ஈரமாகவே இருந்தது. பழைய சாம்பலை வழித்துப் போடாமல் அதன் மேலேயே புதுச் சாம்பலைத் தூவினார் காத்தமுத்து.

ஆள் சுத்தபத்தமாக வெள்ளைச் சாரம் கட்டியிருந்தார். குரலும் நயமான குரல். லூர்தம்மாள் மோல்ட் டின்னைத் திறந்து காட்டினாள். அவர் டின்னைப் பார்த்தார், கிறேஸின் கையில் தொங்கிய சதையைப் பார்த்தார். பிறகு சோறு தங்காது, இனிப்பு ஆகாது, நெஞ்சு படபடக்கும், வேர்க்கும் என்று அவராகவே ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றும் தவறவில்லை. லூர்தம்மாள் ஒவ்வொன்றுக்கும் மகனை ஒரு பார்வை பார்த்தாள்.

கிறேஸைப் பலகைக்கட்டையில் உட்கார வைத்தார்கள். வெண்கலச் செம்பில் பச்சையாக ஏதோ கரைந்து நின்றது. புளி, உப்பு, கசந்த இலை. முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்ததுமே நாக்கின் அடி சுருண்டது. அவள் கட்டையில் தாழ்வாக உட்கார்ந்திருந்ததால் காத்தமுத்துவின் மற்றக் கை அவள் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் கறுப்பாக ஒன்று செருகியிருந்தது. புளியங்கொட்டை அளவு. மயிர் சுற்றியது.

அதுதான் தன் வயிற்றிலிருந்து வரப்போகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். டெனிஸ்டன் தூணில் சாய்ந்து, புகைக்கூட்டிலிருந்து மழைக்குள் கிளம்பும் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தாங்க. சொல்லுங்க," என்றாள்.

அவன் திரும்பவில்லை. "ஒரு வாய்தானே கிறேஸு. குடிச்சிரு. அம்மா மனசு ஆறட்டும்."

இத்தனை நாளும் அவள் எதைப் பார்த்தாலும் குமட்டியது. சோறு, கறி, தன் தோல், தன் வாடை. அந்த நிமிடத்தில் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றாயிற்று. தூணில் சாய்ந்து நின்றவனின் பிடரியைப் பார்க்கத்தான் அவளுக்கு முடியவில்லை.

அவளே சொன்னாள். எனக்கு மருந்தும் இல்லை, ஒன்றும் இல்லை, வயிற்றை அறுத்துச் சிறிதாக்கியிருக்கிறார்கள், உங்கள் மகனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். லூர்தம்மாள் மகனைக் கேட்டாள். மகன் தரையைப் பார்த்தான். "அவ என்னமோ பேசுறாம்மா," என்றான்.

காத்தமுத்து பொறுமையாகச் சிரித்தார். "அது பேசுறது புள்ள இல்லம்மா, மருந்து. வெளிய வரப் பயப்படுதுல்ல, அப்ப இப்பிடித்தான் பேசும். தோளப் புடிச்சிக்கங்க."

லூர்தம்மாளின் முழங்கைகள் பின்னாலிருந்து அவள் தோளை அழுத்தின. செம்பின் விளிம்பு பல்லில் இடித்தது. கிறேஸ் வாயை இறுக மூடிக்கொண்டு, தலையைத் திருப்பி, செம்பைத் தட்டிவிடக் கையைத் தூக்கினாள்.

காத்தமுத்து செம்பைச் சட்டென்று மேலே தூக்கிக்கொண்டார். முதல் தடவையாக அவர் முகத்தில் கோபம் வந்தது. "கொட்டிராத. பேர் சொல்லிக் கரைச்ச மருந்து மண்ணுல விழப்படாது. எந்த வீட்டுக்குக் கரைச்சமோ அந்த வீட்டு வயித்துக்குள்ள போகணும். இல்லன்னா என் கைய முறிச்சிரும், உங்க வீட்டையும் முறிச்சிரும்."

கிறேஸ் தூக்கிய கையை இறக்கினாள்.

"அப்ப அவரு குடிக்கட்டும்," என்றாள். "அவரும் அந்த வீட்டு வயிறுதானே. ஒரே சட்டியிலதான் ரெண்டு பேரும் சாப்புடுறோம். எனக்குள்ள இருக்கிறது அவருக்குள்ளயும் இருக்கும்ல. அவரு மொதல்ல குடிக்கட்டும், நான் பார்த்துட்டுக் குடிக்கிறேன்."

டெனிஸ்டன் இப்போது திரும்பினான்.

காத்தமுத்து யோசித்தார். ஒரு ஆளுக்குக் கரைத்ததில் இரண்டு ஆள் என்றால் அவருக்கு நட்டமில்லை. புருஷனும் பெண்சாதியும் என்றால் குடிக்கலாம்தான் என்றார். லூர்தம்மாள் மகனின் முகத்தைப் பார்த்தாள். மருதாயி சோற்றைத் தின்றவன் மகனும்தானே, இந்த யோசனை தனக்கு முன்னமே வரவில்லையே என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல டெனிஸ்டனுக்கு ஒரு காரணமும் இல்லை. இருந்த ஒரே காரணத்தை அவன் இப்போதுதான் பொய் என்று சொல்லியிருந்தான்.

கட்டையில் அவன் உட்கார்ந்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். பாதிச் செம்பு போவதற்குள் கண் இரண்டும் வெளியே தள்ளின.

நல்ல முழு வயிறு அது. காலையில் தின்ற ரொட்டியும் சம்பலும், கூடவே பஸ் ஸ்டாண்டில் தின்ற வடையும் மிளகாயும் சாம்பலில் விழுந்தன. அவன் நாலுகால் மாடுபோலக் கைகளை ஊன்றி, மூக்கும் வாயும் ஒழுக, உறுமி உறுமி எடுத்தான். கிறேஸ் கண்ணை மூடாமல் பார்த்தாள். காத்தமுத்து தென்னை ஈர்க்கால் அந்தக் கூழைக் கிளறினார். கை பழகின கை. யார் வயிறு என்று அது பார்க்கவில்லை. கிளறக் குனிந்த இடத்தில் விரல் பிரிந்தது. கறுப்பு உருண்டை வாந்தியில் விழுந்தது. அவரே அதை ஈர்க்கில் குத்தித் தூக்கினார்.

"பார்த்துக்கங்க," என்றார்.

லூர்தம்மாள் அலறவில்லை. கைகளால் வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகளுக்கென்று வந்த இடத்தில் மகனின் வயிற்றிலிருந்து வந்த மயிரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.  காத்தமுத்து சமாளித்துக்கொண்டார். வேர் இங்கேதான் இருந்திருக்கிறது, வேர் வந்துவிட்டால் கொடி தானாகக் காயும், இனிமேல் அந்தப் பிள்ளை குடிக்கத் தேவையில்லை என்றார். மிச்சச் செம்பையும் டெனிஸ்டனே குடித்து முடிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

டெனிஸ்டன் ஈர்க்கின் நுனியைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மாறியது. பயம் இல்லை அது. சுமை இறங்கினவனின் முகம்.

"அதாம்மா," என்றான். உதட்டில் ஒரு மிளகாய்த் தோல் ஒட்டியிருந்தது. "அதான் நான் மருதாயி காம்பராவுக்குப் போனேன். எம் புத்தியில போகல. இவ இல்லாத நேரம் அவ சோத்துல வச்சித்தான் என்னைய இழுத்துருக்கா. இப்பத்தான் எனக்கே விளங்குது."

கிறேஸ் அதைச் சந்தேகப்பட்டிருந்தாள். சந்தேகப்பட்டது உண்மையாயிற்று என்று அவளுக்கு நெஞ்சு வலிக்கவில்லை. மருதாயி அந்தக் காம்பராவில் கதவைத் திறந்திருக்கிறாள். இவனைப் போல மயிர் உருண்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. பாசிப்பயறுக் கிண்ணத்தை நீட்டும்போது அவள் ஏன் கண்ணைப் பார்ப்பதில்லை என்று இப்போது தெரிந்தது. அவ்வளவுதான்.

லூர்தம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். இன்றைக்கே மருதாயியின் காம்பராவைப் பிரித்துப்போட வேண்டும், தோட்டத் தலைவரைக் கூப்பிட்டு அவளைத் தோட்டத்தை விட்டே துரத்த வேண்டும் என்று அவள் பேசிக்கொண்டே போனாள். கிறேஸ் முன்னால் போய், கூரை ஒழுக்கின் கீழ் மாமியாரை நிறுத்தி, தன் சட்டையின் கீழ்ப்பக்கத்தைத் தூக்கினாள்.

தொங்கிய தோலின் மேல் ஐந்து சின்னத் தழும்புகள். மடிப்பின் ஓரத்தில் வெந்த சிவப்பு. பவுடர் கரைந்து வெள்ளைக் கூழாக வழிந்திருந்தது. மழை வாடையையும் மீறி அந்த வாடை வந்தது. லூர்தம்மாள் ஒரு அடி பின்வாங்கினாள்.

"நல்லாப் பாருங்க மாமி. கொழுப்பு ஏறி, திங்கிறதக் குறைக்கிறதுக்குன்னு அறுத்தது. உங்க மகனுக்கு நான் வந்த அன்னைக்கே காட்டினேன். இப்பயும் இல்லங்கிறாரான்னு கேளுங்க."

டெனிஸ்டன் வாந்தியின் முன்னால் குந்திக்கொண்டிருந்தான். மிச்சச் செம்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

"திங்காம இருக்கிறதுக்கா?" என்றாள் லூர்தம்மாள். "நான் ரெண்டு புள்ளைகளுக்குச் சோறு இல்லாம மண்ணுக்குக் குடுத்தவ. நீ திங்காம இருக்கிறதுக்கு வயித்த அறுத்தியா?"

"ஆமா."

லூர்தம்மாள் துப்பினாள். அவள் மேல் இல்லை, பக்கத்துச் சேற்றில். ஆனால் யாருக்கு என்று தெரியும்படிதான் துப்பினாள்.

கிறேஸ் சட்டையை இறக்கினாள். "நீங்க மருதாயி வாசலுக்குப் போனா நானும் வருவேன். லயத்துக்கு முன்னால இதே மாதிரி தூக்கிக் காட்டுவேன். எதுக்கு அறுத்தேன்னு சொல்லுவேன். உங்க மகனுக்குத் தெரியும்னும் சொல்லுவேன். நீங்க போகலன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

காத்தமுத்து அடுத்த ஆளுக்குச் சாம்பல் தூவப் போய்விட்டார்.

எட்டியாந்தோட்டைப் பஸ் நிலையத்துக்கு வரும்வரை லூர்தம்மாள் மருமகளுக்கு முன்னால் நடந்தாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. வயிறு காலியான டெனிஸ்டனுக்குப் பசி கண்ணை மறைத்தது. சாலி நானாவின் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல், மீன் குழம்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு அள்ளி விழுங்கினான். விரலிடுக்கில் குழம்பு ஒழுகியது. சற்று முன்னால் எது வெளியே வந்ததோ அது திரும்பவும் உள்ளே போவதைப் பார்ப்பதுபோல இருந்தது கிறேஸுக்கு. அவள் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாலி நானா நல்ல மனிதர். வந்தவர்கள் யாரும் வெறும் வயிற்றோடு போவது அவருக்குப் பிடிக்காது. பால்பணிஸும் ரோல்ஸும் அடுக்கிய தட்டைக் கொண்டுவந்து கிறேஸின் முன்னால் வைத்தார். சீனி தூக்கலாகப் போட்டு ஒரு பிளேன்டீயும் ஆற்றத் தொடங்கினார். சாப்பிடுங்க தங்கச்சி, முகமெல்லாம் வாடிப்போய் இருக்கிறது என்றார். டெனிஸ்டனும் வாய் நிறைய ரொட்டியோடு தலையாட்டி, எடு எடு என்று கையைக் காட்டினான்.

லூர்தம்மாள் தட்டை நுனிவிரலால் தொட்டு, மேசையின் அடுத்த ஓரத்துக்குத் தள்ளினாள். மருமகள் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

"அவளக் கேக்காதீங்க," என்றாள். "அவளுக்கு ஒண்ணும் வேணாம். சும்மா விடுங்க."

குவைத்திலிருந்து வந்த நாள் முதல் கிறேஸுக்காக இப்படி ஒரு வார்த்தையை யாருமே சொன்னதில்லை.